ஒன்றேகால் லட்சம் உயிர்களும் அவற்றின் சீட்டுகளும்

கேள்வி இது: "வாலஸ் பூச்சியும் பறவையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர்தானே? அவரைக் கொண்டுபோய் டார்வினுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது மிகை இல்லையா? எட்டு வருடத்தில் ஒன்றேகால் லட்சம் மாதிரிகளை ஒரே ஆள் சேர்த்தார் என்பதும் நம்பும்படி இல்லையே?"

விற்றுப் பிழைத்தவர் என்பது உண்மை. ஒரே ஆள் சேர்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டும் அவருக்குக் குறை என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. விற்றுப் பிழைத்ததால்தான் மற்றவர்கள் கண்ணில் படாதது ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இந்த இங்கிலாந்து இயற்கை ஆய்வாளரின் கண்ணில் பட்டது; பரிணாமம் இயற்கைத் தேர்வால் நடக்கிறது என்று டார்வினைப் போலவே தனியாகக் கண்டுகொண்டவர் இவர்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். 1854 முதல் 1862 வரை இன்றைய சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாவின் தீவுகளில் அலைந்தார். அவரே கொடுத்த கணக்கு: பாலூட்டிகள் 310, ஊர்வன 100, பறவைகள் 8,050, சிப்பி சங்கு வகைகள் 7,500, வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் 13,100, வண்டுகள் 83,200, மற்ற பூச்சிகள் 13,400. கூட்டினால் 1,25,660. மூன்றில் இரண்டு பங்கு வண்டுகள் என்பதைக் கவனியுங்கள். புலியும் யானையும் அல்ல. தீப்பெட்டிக்குள் பத்து அடங்கும் சமாசாரம். வண்டு கெடாது, இடம் அடைக்காது, லண்டனில் அதை வாங்கச் சேகரிப்பாளர்கள் காத்திருந்தார்கள்.

வண்டு எங்கே கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடர்ந்த காட்டுக்குள் அல்ல, காட்டை வெட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். மரம் விழுந்து பட்டை அழுகத் தொடங்கியதும் வாசனை பிடித்து வண்டுகள் வந்து சேரும். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் சீனர்கள் காட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள். 1855இல் போர்னியோவின் சிமுஞ்சான் என்ற இடத்தில் நிலக்கரி தோண்டுவதற்காக மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். வாலஸ் அங்கேயே ஏறக்குறைய ஒன்பது மாதம் தங்கிவிட்டார். வேலையாட்களான சீனருக்கும் போர்னியோப் பழங்குடியினரான தயாக் மக்களுக்கும் ஒரு பூச்சிக்கு ஒரு சென்ட் என்று விலை பேசினார். ஒரே நாளில் 76 வகைகள் வந்து சேர்ந்தன; அவற்றில் 34 அதுவரை அவர் பிடித்திராதவை. போர்னியோவில் அவர் சேர்த்த ஏறத்தாழ 2,000 வண்டு வகைகளில் நூறு போக மற்ற எல்லாமே இந்த ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை. ஒரு சீனத் தொழிலாளி அங்கே கொண்டுவந்து கொடுத்ததுதான், கால்விரல்களின் சவ்வை விரித்து மரத்திலிருந்து சறுக்கி இறங்கும் அந்தப் புகழ்பெற்ற பறக்கும் தவளை.

அந்துப்பூச்சிகளுக்கு வேறு வழி. சரவாக் ராஜாவாக இருந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக்கின் மலை பங்களாவில், வெள்ளையடித்த வராந்தாவில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மழைக்காலத்தில் நம் வீட்டு விளக்கை ஈசல் மொய்க்குமே, அதே கதைதான். 26 இரவுகளில் 1,386 அந்துகள். அவற்றில் 800க்கு மேல் நான்கே நான்கு மழை இருட்டு இரவுகளில் வந்தவை. எந்த இரவில் எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள், ஆளின் குணம் அதில் தெரியும்.

இனி வியாபாரம். டார்வினுக்கு அப்பா பணம் இருந்தது. வாலஸ் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். அண்ணனோடு நிலம் அளக்கும் வேலை பார்த்தவர். 1844இல் லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, வண்டுப் பைத்தியமான ஹென்றி வால்ட்டர் பேட்ஸின் நட்பு கிடைத்தது. 1848இல் இருவரும் அமேசானுக்குக் கப்பலேறினார்கள். கையில் பெரிய பணம் இல்லை, பின்னால் சங்கமும் இல்லை, அரசும் இல்லை. பிடித்து அனுப்புவதை லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற ஏஜென்ட் விற்பார். கமிஷன் போக மீதியில்தான் அடுத்த மாத அரிசியும் படகுக்கூலியும். இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காகச் சேர்க்கும் கனவான் ஓர் இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி கிடைத்தால் திருப்தி அடைந்துவிடுவார். விற்கிறவருக்கு அதே இனத்தில் இருபது, ஐம்பது வேண்டும். ஐம்பது வண்ணத்துப்பூச்சிகளை வரிசையாக ஊசி குத்தி அடுக்குகிறவன் கண்ணுக்கு, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பது தானாகத் தெரியும். இறக்கை சற்று நீளம், புள்ளி சற்றுச் சிறியது, நிறம் சற்று மங்கல். ஓர் இனத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடா என்ற கேள்வி அவருக்குப் படித்து வரவில்லை, பெட்டி அடுக்கும்போது வந்தது. இது என் ஊகம் மட்டுமல்ல. 1858இல் அவர் எழுதிய கட்டுரையின் அடித்தளமே இந்த வேறுபாடுகள்தான்.

அதற்கு முன் பெரிய அடி ஒன்று விழுந்தது. தம்பி ஹெர்பர்ட் உதவிக்கு வந்து 1851இல் பிரேசிலின் பாரா நகரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். மறுவருடம் ஜூலையில் வாலஸ் ஊர் திரும்ப 'ஹெலன்' என்ற கப்பலில் ஏறினார். ஆகஸ்டு 6ஆம் தேதி நடுக்கடலில் சரக்கு தீப்பிடித்தது. கடைசி வருடங்களில் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சேகரிப்பு, நாட்குறிப்புகளில் பெரும்பகுதி, கூடவே கொண்டுவந்த குரங்குகள், கிளிகள் எல்லாம் போயின. ஒரு தகரப் பெட்டியில் கிடந்த மீன், பனை வகை ஓவியங்கள் மட்டும் கையில் அகப்பட்டன. கிளி ஒன்று தண்ணீரில் விழுந்ததால் பிழைத்தது. பத்து நாள் திறந்த படகில் கிடந்த பிறகு வேறொரு கப்பல் வந்து தூக்கிக்கொண்டது. நல்லவேளையாக ஸ்டீவன்ஸ் சரக்கை 200 பவுண்டுக்குக் காப்பீடு செய்திருந்தார். இனி கப்பலே ஏற மாட்டேன் என்று கடலில் பலமுறை சபதம் செய்தவர், கரையேறிச் சில நாளிலேயே அடுத்து எங்கே போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த கட்டம், இயற்கைத் தேர்வு என்ற யோசனை அவருக்கு உதித்த தெர்னாத்தே தீவின் காய்ச்சல் அல்ல. 1852 டிசம்பரில், எல்லாம் எரிந்துபோய் வெறுங்கையோடு நின்றபோது, லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி அவர் வாசித்த கட்டுரை. அதில் ஒரு புகார் வைக்கிறார். மியூசியங்களில் இருக்கும் மாதிரிகளில் 'பிரேசில்', 'தென் அமெரிக்கா', 'பெரு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறது; 'அமேசான் ஆறு' என்று இருந்தாலே அதிர்ஷ்டம்; ஆற்றின் தென்கரையா வடகரையா என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் அதுதானே கேள்வி! அகலமான ஆற்றின் ஒரு கரையில் ஒரு குரங்கு, எதிர்க்கரையில் அதன் பங்காளி மாதிரி வேறொரு குரங்கு. ஆறுதான் வேலி. அந்த ஊர் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குறிப்பிட்ட குரங்கு வேண்டும் என்றால் எந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று அவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். லண்டன் மியூசியத்துக்குத்தான் தெரியவில்லை.

நான் விலங்கியல் படித்த கல்லூரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த ஆந்தை ஒன்று இருந்தது. மரப்பீடம், பித்தளைக் கொக்கி எல்லாம் ஜோர். எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்ற சீட்டு மட்டும் கிடையாது. எங்கள் பேராசிரியர் அதை ஆந்தை என்று சொல்லவே மாட்டார். 'அந்தப் பொம்மை' என்பார். அப்போது எங்களுக்கு அது கிண்டலாகத்தான் பட்டது.

டார்வினே இதில் தவறியவர். கலாபகஸ் தீவுகளில் பிடித்த குருவிகளை எந்தத் தீவில் எது என்று பிரித்துக் குறிக்காமல் விட்டுவிட்டார். ஊர் திரும்பிய பிறகு கேப்டனும் மற்றவர்களும் குறித்து வைத்திருந்ததைக் கொண்டுதான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. வாலஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. தீவு தீவாகச் சீட்டு எழுதினார். 1855 பிப்ரவரியில், சரவாக்கில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன விதி இது: ஒவ்வோர் இனமும், தனக்கு நெருங்கிய உறவான முந்தைய இனம் ஒன்றை ஒட்டியே, அதே இடத்திலும் காலத்திலும் தோன்றியிருக்கிறது. இடம், காலம். சீட்டில் இருக்கும் இரண்டு வரிகளே அவை. அந்தக் கட்டுரை வந்ததும் ஸ்டீவன்ஸ் கடிதம் எழுதினார்: இங்கே சில இயற்கை அறிஞர்கள், இவர் எதற்குத் தத்துவம் பேசுகிறார், போய் இன்னும் தகவல் சேர்க்க வேண்டியதுதானே என்று முணுமுணுக்கிறார்களாம். பூச்சி பிடிக்கிறவன் பூச்சி பிடிக்கட்டும் என்ற எண்ணம் அன்றைக்கே இருந்தது. உங்கள் கேள்விக்கு வயது 170 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1856 ஜூனில் அவர் சுலாவெசித் தீவின் மக்காசார் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நேரடிக் கப்பல் இல்லை. சீன வியாபாரி ஒருவரின் பாய்க்கப்பலில் ஏறி பாலியில் இறங்கினார், இரண்டு நாள்தான். கடற்கரை மரங்களில் மஞ்சள் தலைத் தூக்கணாங்குருவிகள் கூடுகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தன. மரங்கொத்தி, குக்குறுவான் என்று எல்லாமே ஜாவாவில் பார்த்திருக்கக்கூடிய ஆசியப் பறவைகள். பிறகு கடலைத் தாண்டி லொம்போக். இடையில் இருக்கும் நீரிணையின் அகலம் இருபது மைல்கூட இல்லை. அங்கே குக்குறுவானும் மரங்கொத்தியும் அவர் கண்ணில் படவில்லை. மாறாக வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கூச்சலிடுகின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தேனுண்ணிகள். சருகையும் மண்ணையும் மேடாகக் குவித்து அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் மேட்டுக்கோழி. அக்கரை ஆசியா, இக்கரை ஆஸ்திரேலியா. நேரடிக் கப்பல் கிடைத்திருந்தால் இந்த இரண்டு தீவுகளுக்கும் நான் போயிருக்கவே மாட்டேன், என் பயணத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்பைத் தவறவிட்டிருப்பேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு நிலத்தால் ஒட்டிக்கொண்டன. புலி நடந்தே பாலி வரை வந்தது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவிலுள்ள நீரிணை 200 மீட்டருக்கும் மேல் ஆழம். அது வற்றவே இல்லை. ஆழமற்ற கடல் பழைய நிலத்தொடர்பைக் காட்டுகிறது என்பதை வாலஸும் பிடித்துவிட்டார். கண்டங்கள் நகர்வது பற்றி அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி இந்த எல்லைக்கு 'வாலஸ் கோடு' என்று பெயர் வைத்தார். சீட்டு எழுதாமல் எல்லாவற்றுக்கும் 'கிழக்கிந்தியத் தீவுகள்' என்று ஒட்டியிருந்தால் இந்தக் கோட்டை எங்கே போடுவது?

இதே லொம்போக்கிலிருந்து அனுப்பிய பெட்டியில் ஒரு நாட்டு வாத்தும் இருந்தது. அது டார்வினுக்கு என்று ஸ்டீவன்ஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். வளர்ப்புப் பறவைகளின் வகைகளை உலகெங்கும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த டார்வினுக்கு, இவரும் சரக்கு அனுப்பும் ஓர் ஆள்தான் அப்போது.

பிடித்ததைவிடக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. பறவையின் தோலை உரித்து, உட்பக்கம் ஆர்சனிக் சோப்பு தடவி, பஞ்சு அடைத்துக் காயவைக்க வேண்டும். அந்த ஈரக்காற்றில் அது எளிதில் காயாது. காய்வதற்குள் எறும்பு வந்துவிடும். எறும்பு விட்டதில் ஈ முட்டையிடும். இரண்டும் விட்டதை ஊர் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். லொம்போக்கில் காயவைக்கும் பலகையின் நான்கு கால்களையும் தண்ணீர் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் வைத்தார். நம் வீடுகளில் பால்பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதைப் போலத்தான். நியூகினியின் தோரேயில் எறும்புகள் அவர் கண்ணெதிரே அட்டையில் இருந்த பூச்சிகளை இழுத்துக்கொண்டு போயின.

லண்டனிலிருந்து உதவிக்குக் கூட வந்தவன் சார்லஸ் ஆலன் என்ற பையன். அவன் பறவை உரிக்கும் அழகை வாலஸ் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் படித்தால் சிரிப்பு வரும்: தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும், கழுத்தில் கழலை மாதிரி ஒரு பஞ்சு உருண்டை, பாதங்கள் உள்ளங்கால் மேலே பார்க்கத் திருகியிருக்கும். பின்னாளில் அதே ஆலன் தேறி, தனியாகவே நியூகினி வரை போய்ச் சேகரித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இடத்தை நிரப்பியவர் அலி. சரவாக்கில் 1855 கடைசியில் சமையலுக்குச் சேர்ந்த மலாய் இளைஞர். சுடக் கற்றார், உரிக்கக் கற்றார், படகு ஓட்டுவார், காய்ச்சலில் துரையைப் பார்த்துக்கொள்வார். 1858 அக்டோபரில் பச்சான் தீவில் ஒருநாள் இடுப்பில் பறவைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, இதைப் பாருங்கள் துரை, எவ்வளவு விநோதமான பறவை என்று ஒன்றை நீட்டினார். மார்பில் பளபளக்கும் பச்சை, இரண்டு தோள்களிலிருந்தும் இரண்டிரண்டு நீண்ட வெள்ளை இறகுகள். யாரும் அறியாத புதிய சொர்க்கப் பறவை. லண்டனில் அதற்கு வாலஸின் பெயரை வைத்தார்கள். சுட்டது அலி. பெயர்ச்சீட்டில் அலி இல்லை. 1907இல் தெர்னாத்தேயில் அமெரிக்க விலங்கியலாளர் ஒருவர் முன் ஒரு கிழவர் வந்து நின்று, நான்தான் அலி வாலஸ் என்று சொன்னாராம். எட்டாயிரம் பறவைகள் என்ற எண்ணைச் சொல்லும்போதெல்லாம் இவரையும், பெயர் பதிவாகாத மற்ற வேட்டைக்காரர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வேலையின் கொடூரத்தை மறைப்பதற்கில்லை. போர்னியோவில் ஒராங்குட்டான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார். தாய் ஒன்று விழுந்தபோது சேற்றில் முகம் குப்புற ஒரு குட்டி கிடந்தது. வீட்டுக்குத் தூக்கிவந்தார். பால் கிடைக்கவில்லை, கஞ்சித் தண்ணீரைப் புகட்டினார். பிடித்துத் தொங்க ஆசைப்படுகிறதே என்று எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொய்த் தாய் செய்து கொடுத்தார். குட்டி அதன் மேல் வாயை வைத்து உறிஞ்சி, வாய் நிறைய மயிர்தான் மிச்சம். ஏறக்குறைய மூன்று மாதம் தாக்குப்பிடித்து இறந்தது. அழாத குறையாக எழுதுகிறார். அடுத்து அதன் தோலையும் எலும்பையும் பத்திரப்படுத்தியதையும் எழுதுகிறார். இரண்டு வாலஸ் இல்லை, ஒரே ஆள்தான். படிக்கிற நமக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

தெர்னாத்தேயைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கிறேன். 1858 பிப்ரவரி, காய்ச்சல், உணவைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்ற மால்தஸின் கருத்து நினைவுக்கு வருகிறது. பிழைப்பவை எவை, ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது: சூழலுக்கு அதிகம் பொருந்துபவை. இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். ஜூலை 1ஆம் தேதி லண்டனின் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது. வாலஸிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் அப்போது உலகின் மறுகோடியில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்.

1862இல் ஊர் திரும்பும்போது உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகளைக் கொண்டுவந்தார். அவற்றுக்குக் கரப்பான்பூச்சி வேண்டும். கப்பலோ சுத்தமான கப்பல். இரவில் ஒரு மணி நேரம் மாலுமிகள் தங்கும் பகுதியில் கரப்பான் வேட்டை! மால்ட்டாவில் ஒரு ரொட்டிக்கடை அடுப்படியில் ஏராளமாகக் கிடைக்க, பிஸ்கட் டப்பாக்களில் அடைத்துக்கொண்டார். இரண்டு பறவைகளும் லண்டன் போய்ச் சேர்ந்தன. விற்றது போகத் தனக்கென்று வைத்துக்கொண்டது சுமார் 3,000 பறவைத் தோல்கள், 20,000 வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும். சம்பாதித்த பணத்தைத் தவறான முதலீடுகளில் விட்டார். நிலையான வேலை கடைசிவரை அமையவில்லை. டார்வின் முயன்று 1881இல் வருடத்துக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தார். 1913இல், தொண்ணூறு வயதில் இறந்தார்.

அவருடைய பறவைத் தோல்களில் பல, லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் ட்ரிங் கிளையில் இழுப்பறைகளில் இருக்கின்றன. 2009 ஜூனில் ஓர் இரவு ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. வாலஸ் கொண்டுவந்த சொர்க்கப் பறவைகளும் அவற்றில் உண்டு. தூண்டிலில் கட்டும் இறகுப்பூச்சிகள் செய்வதற்காக இறகு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திருடன் பிடிபட்டான், கணிசமானவை திரும்பவும் வந்தன. ஆனால் பலவற்றின் கால்களில் கட்டியிருந்த சீட்டுகள் இல்லை. 150 வருடம் கெடாமல் காத்த தோல் கைக்கு வந்தும் எங்கள் பேராசிரியர் சொன்ன பொம்மையாகிவிட்டது.

இன்னொரு சீட்டின் கதை வேறு விதம். பச்சானில் வாலஸ் ஒரு ராட்சதத் தேனீயைப் பிடித்தார். பெண் தேனீ, நீளம் சுமார் 38 மில்லிமீட்டர், மான்கொம்பு வண்டுக்கு இருப்பது போன்ற பெரிய தாடைகள். அதற்குப் பிறகு நூற்றிருபது வருடங்களுக்கு மேல் யாரும் அதைப் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1981இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆடம் மெஸ்ஸர் அதே வடக்கு மொலுக்காஸ் பகுதியில், மரத்தில் இருக்கும் கறையான் புற்றுக்குள் அது கூடு கட்டுவதைக் கண்டார். 2018இல் செத்த தேனீ ஒன்று இணைய ஏலத்தில் 9,100 டாலருக்குப் போனது. 2019 ஜனவரியில் அந்தத் தீவுகளுக்குப் போய் ஒரு குழு முதல்முறையாக அதை உயிரோடு படம் எடுத்தது. எந்தத் தீவு, எந்த மரம் என்பதை மட்டும் அவர்கள் வெளியே சொல்லவில்லை.